‘இல்லை’ எழுதாத அட்டவணை

சின்ன காஞ்சிபுரத்து நெசவுத் தெரு ஒன்றில் கோழி கூவும் முன்பே சண்டை கூவிவிடும். காலை நாலு மணிக்கு ஒருவர் முளைக்குச்சி அடிப்பார். இன்னொருவர் அதைப் பிடுங்குவார். மூன்றாமவர் இரண்டு பேருடைய பரம்பரையையும் ஒரே மூச்சில் விசாரிப்பார். பெருமாளுக்குத் திருப்பள்ளியெழுச்சி நடக்கும் நேரத்தில் தெருவில் இந்தப் பள்ளியெழுச்சியும் நடக்கும்.

சண்டை தெருவுக்காகத்தான். பட்டுப் பாவு என்பது புடவையின் நீளவாட்டு நூல். மூன்று புடவைக்கான பாவு இருபது கெஜத்துக்குக் குறையாது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால், இரண்டு முனையிலும் முளைக்குச்சி அடித்து அதைத் தெருவில் நெடுக விரிக்க வேண்டும். அறுந்த இழைகளைப் பிணைத்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுமுன் உருட்டி எடுத்துவிட வேண்டும். எந்த வீட்டுக் கூடத்திலும் அதற்கு இடம் கிடையாது. பால்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வழி விட்டால், அந்தத் தெருவில் ஒரு விடியலுக்கு நாலு பாவு விரிக்கலாம். அதற்கு மேல் முடியாது. தெருவிலோ முப்பத்தாறு வீட்டில் தறி. முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் முப்பத்தாறு பேருக்கும் நாளைக்கே தெரு வேண்டும்.

இந்த ஊருக்குத்தான் 1969-ஆம் வருஷம் மாசி மாதம் குணமாலா குமாஸ்தாவாக வந்தாள். தெருக்கோடியில் இருந்த நெசவாளர் சங்கத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை. வயது இருபத்தாறு. ஊர் திருப்பருத்திக்குன்றம். அப்பா ஆதிநாதன் அங்கே நெல்லும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் சமணர். அம்மா காலமாகி வெகு நாளாயிற்று. மெலிந்த உடம்பு, கொஞ்சம் எடுப்பான பல், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடாத வாய். “இந்த வாயோட எங்க போய் குப்ப கொட்டப்போறியோ” என்று அப்பாவே சொல்லுவார். சங்கத்தில் அதே வாய்தான் கடைசியில் சோறு போட்டது என்பதை நான் பின்னால் சொல்கிறேன்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சும்மா பிடித்திருந்தது என்றால் போதாது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்டவுடன் அவள் நடையே மாறிவிடும். வேலை நிரந்தரமாகாவிட்டால் ஆடி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி மல்லாட்டை உரிக்க வேண்டியதுதான். அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “நெரந்தரம் ஆச்சுன்னா போ. ஆவலைன்னா போதும்மா, இந்த அலைச்சல்.”

அலைச்சல் என்று அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சமண வீட்டில் சூரியன் மறைந்த பிறகு சாப்பாடு கிடையாது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால், பெரிய காஞ்சிபுரத்தில் இறங்கி, வேறு பஸ் மாறி, நடந்து, ஆறேகாலுக்கு வீடு. ஆறரைக்குச் சூரியன் இறங்கும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் தட்டு காலியாகிவிட வேண்டும். பஸ் தவறினால் ராத்திரி முழுக்கப் பட்டினி. மாதத்தில் ஆறேழு நாள் குணமாலா பட்டினியாகத்தான் படுத்தாள். காலையில் வேலைக்கு வரும்போது அந்தப் பட்டினியை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தாளா என்றால், அதுதான் கிடையாது.

சிறு வயதிலிருந்தே அவள் வீட்டில் எல்லாமே இப்படித்தான். சூரியன் இருந்தால் சோறு. சதுர்த்தசி என்றால் கீரை கிடையாது. வெங்காயம் எந்த நாளிலும் கிடையாது. முனிவர் ஊருக்கு வந்தால் அவருக்கு உணவளித்த பிறகு மற்றவர்களுக்கு. அதனால் அவள் புத்தி ‘இப்படி என்றால் இது, அப்படி என்றால் அது’ என்றே ஓடிப் பழகியிருந்தது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, ‘இது உண்மையானால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் இதைக் காட்டு’ என்று சூத்திரம் எழுதிவிட்டுப் பிள்ளைகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள். குணமாலா அந்தச் சூத்திரத்தைக் கோந்தும் காகிதமும் வைத்து, யாரையும் கேட்காமல், தன் தலைக்குள்ளிருந்தே எடுத்தாள்.

தெருச் சண்டை முற்றி, ஒரு நாள் பழனி என்ற நெசவாளர் தன் பாவுக் குச்சியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கே வந்து கத்தினார். பழனிக்கு முப்பது வயது. நல்ல கைவேலைக்காரர், பொறுமை மட்டும் அவர் பக்கமே வந்ததில்லை.

“இன்னாம்மா, சங்கம்னு ஒண்ணு இருக்குது, ஒரு தெருவப் பங்கு போட்டுத் தர முடியலியா? நா மூணு நாளா பாவ சுத்தி வெச்சிக்கினு குந்திக்கினு கீறேன்!”

குணமாலா எழுந்து நின்று கேட்டாள். “உங்க தறி காலியா இருக்குதா?”

“இல்ல, அரைப் பொடவ பாக்கி.”

“அப்ப இன்னைக்குத் தெருவ வாங்கி இன்னா பண்ணப் போறீங்க?”

பழனி குச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகுதான் குணமாலாவுக்குப் பொறி தட்டியது. தெரு போதவில்லை என்பதல்ல விஷயம். சரியான கேள்வியைச் சரியான வரிசையில் யாரும் கேட்கவில்லை.

கலீமுல்லா என்பவரிடம் அவள் கட்டம் போட்ட காகிதம் கேட்டாள். கலீமுல்லா சங்கத்துக்குப் புடவைக் கரையின் டிசைன் வரைகிறவர். அன்னமும் மயிலும் முதலில் அவர் காகிதத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிறந்து, பிறகுதான் பட்டில் பறக்கும். அவர் நாலு தாளை ஒட்டி, சுவர் அகலத்துக்கு ஒரு தாள் செய்து கொடுத்தார்.

குணமாலா இடது ஓரத்தில் முப்பத்தாறு வீட்டுப் பெயரையும் எழுதினாள். மேலே மூன்று கேள்வி. தறி காலியா? காலி என்றால், பாவு தயாரா? தயார் என்றால், கல்யாணத் தேதி பதினைந்து நாளுக்குள் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நாளைக் காலை தெரு அவர்களுக்கு. முதல் இரண்டு மட்டும் ஆம் என்றால், முகூர்த்தக்காரர்கள் போக மிச்சமிருக்கும் இடம் வந்த வரிசைப்படி. கடைசிக் கட்டத்தின் தலையில் ‘நாளை’ என்று எழுதி, அதன் கீழே முதல் நாளுக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்று நிரப்பினாள். தினமும் நாலு மணிக்கு மேல் கேட்டு விசாரித்து, அந்தக் கட்டத்தின் மேல் புதுத் துண்டுத் தாள் ஒட்டி நிரப்புவது, ஊர் வந்து பார்த்துக்கொள்வது. இதுதான் ஏற்பாடு.

வினை அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வந்தது. சங்கத் தலைவர் பரசுராமன் தாளைப் பார்த்தார். தங்கமான மனுஷர். எதிரே வந்தவர் மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட ‘நிறைஞ்சிருக்குது’ என்று சொல்லிக் கடைக்கு ஆள் அனுப்புவார். அவர் கண்ணில் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று முப்பத்திரண்டு இல்லை வரிசையாகப் பட்டது.

“ஏம்மா குணமாலா, லட்சுமி படத்துக்குப் பக்கத்துல இத்தினி இல்லையா? சங்கம் வெளங்குமா?”

“அப்ப பெருக்கல் குறி போடட்டுமா ஐயா?”

“பேர வெட்டுற மாரி இருக்குது.”

“சுழி?”

“சுழியா! பட்டு நெய்யிற வூட்டுல சுழியா!” தலைவர் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். “தெரு கெடச்சவங்களுக்கு ஒரு மஞ்சப் பொட்டு வெய்யி. மத்தவங்களுத அப்படியே வுட்டுடு. வெறுங்கட்டமா இருக்கட்டும். புரிஞ்சுக்குவாங்க.”

அதுவும் அழகாகத்தான் இருந்தது. கலீமுல்லா மட்டும் தாளைச் சங்கத்துத் திண்ணைச் சுவரில் ஒட்டும்போது ஒரு வார்த்தை கேட்டார். “என் டிசைன்ல வெறுங்கட்டம்னா அந்த எழையத் தூக்காதேன்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரியும். உங்களுதுல வெறுங்கட்டம்னா இன்னாம்மா அர்த்தம்?”

“தெரு கெடைக்கலைன்னு அர்த்தம், பாய். இதுகூடவா புரியாது?” என்று குணமாலா சிரித்தாள். கேள்வி கேட்டே பேர் வாங்கியவள், தன்னிடம் வந்த ஒரே நல்ல கேள்வியைச் சிரித்து அனுப்பிவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும்.

வைகாசி, ஆனி இரண்டு மாதமும் அட்டவணை ராஜநடை போட்டது. விடியற்காலையில் நாலே நாலு பாவு, நாலு நிறத்தில், தெருவில் அமைதியாக நீண்டு கிடக்கும். சண்டை நின்று போனதால் தெருவில் சிலருக்குப் பொழுதே போகவில்லை. குணமாலாவுக்கு ‘மஞ்சப்பொட்டுப் பொண்ணு’ என்று பேர் வந்தது. சாயங்காலம் அவள் மஞ்சளைக் குழைக்கும்போதே பத்துப் பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அவளுக்கு அது உள்ளூரப் பெருமையாக இருந்தது, மறைக்கவும் தெரியவில்லை.

ஆடி கடைசி வாரம். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடி அவள் வேலையை முடிவு செய்யும் என்று தலைவர் சொல்லியிருந்தார். அந்தச் சனியன் பிடித்த பஸ்ஸோ திங்களும் செவ்வாயும் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. தொடர்ந்து இரண்டு ராத்திரி பட்டினி. புதன்கிழமை நாலே முக்காலுக்குப் பொட்டு வைக்கும்போது கண் தெருமுனைக்கே போய்க்கொண்டிருந்தது. பெயர் வரிசையில் இருபத்திரண்டாவது வீடு வரைக்கும் விசாரித்து முடித்திருந்தாள். மூன்று பொட்டு வைத்தாயிற்று. தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ‘மிச்சத்தைக் காலையில் வந்து பார்த்துக்கலாம்’ என்று மஞ்சள் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினாள். பஸ் கிடைத்தது. அன்றைக்கு வீட்டில் அவள் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பாவம், அவள் வரும் காலை ஒன்பது மணி. பாவு விரிக்கும் காலை நாலு மணி. பசியில் அது தோன்றவில்லை.

அந்த வரிசையில் இருபத்தொன்பதாவது பேர் காமாட்சியம்மாள். வீட்டுக்காரர் இறந்த பிறகு மூன்று தறியைத் தனியாக ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது. அவர் குரல் எழுந்தால் தறிச் சத்தம் அடங்கும். அவர் தறி காலி, பாவு தயார், கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். மூன்றும் ஆம். நாலாவது பொட்டு அவருக்குத்தான் விழ வேண்டும். ஆனால் குணமாலா அந்தப் பேர் வரைக்கும் போகவே இல்லை.

சாயங்காலம் காமாட்சியம்மாள் வந்து பார்த்தார். தன் கட்டம் வெறுமை. பொட்டு மூன்றுதான். “எழுத மறந்துட்டா பொண்ணு. நாலாவது நம்பளுதுதான்” என்று போய்விட்டார். அவர் சொன்னது சரி.

அவருக்குப் பின்னால் பழனி வந்தார். பதினோராவது பேர். அவர் தறி காலிதான், பாவும் தயார்தான், ஆனால் முகூர்த்தம் ஒரு மாதம் கழித்து. குணமாலா விசாரித்து, யோசித்து, வேண்டுமென்றே விட்ட வெறுங்கட்டம் அது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? “மூணு பொட்டுதான் கீது. என் கட்டத்துல இன்னும் எழுதல. அப்ப நாலாவது நம்பளுது” என்றார் பழனி. தறியில் உட்கார்ந்தால் கலீமுல்லாவின் வெறுங்கட்டத்தை ஒரு இழை பிசகாமல் படிக்கிற மனுஷர், சங்கத்துச் சுவரில் மட்டும் தனக்கு வசதியாகப் படித்தார். அவர் மட்டுமா? இன்னும் நாலு வீட்டார் வந்து அதே மூன்று பொட்டை எண்ணி, அதே ஒரு இடத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை விடியலில் தெருவுக்கு ஒன்பது பாவு வந்தது.

காலை ஆறு மணிக்குத் திருப்பருத்திக்குன்றத்தில் கலீமுல்லாவின் சைக்கிள் மணி அடித்தது. “குணமாலாம்மா, சீக்கிரம் வாங்க. உங்க வெறுங்கட்டம் தெருவுக்கு வந்துட்டுது” என்றார். ஆதிநாதன் ஒன்றும் புரியாமல் பார்த்தார். குணமாலாவுக்குப் புரிந்துவிட்டது. அப்பா வயலுக்குப் போகும் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு கலீமுல்லாவையும் முந்திக்கொண்டு மிதித்தாள். போகிற வழியெல்லாம் நாளை வெள்ளிக்கிழமை என்ற ஒரே நினைப்புதான்.

தெருவைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி என்று ஒன்பது நிறம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்தது. நடுவில் பால்காரர் மாட்டோடு மாட்டிக்கொண்டு அங்கேயே பால் கறந்து விற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவுக்கு அடியில் குனிந்து ஓடி, வேண்டுமென்றே திரும்பி வந்து, மறுபடி ஓடினார்கள். பழனியும் காமாட்சியம்மாளும் ஒரே முளைக்குச்சியின் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள்.

“என் கட்டம் காலியா கீது அக்கா, நீங்களே பாத்தீங்க இல்ல?”

“அதே காலி என் கட்டத்துலயும் இருக்குதுப்பா! உன் காலி ஒசத்தி, என் காலி மட்டமா?”

தலைவர் பரசுராமன் யார் மனமும் நோகாமல் இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். குணமாலாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

வெயில் ஏற இன்னும் ஒரு மணி நேரம். ஏறிவிட்டால் ஒன்பது பாவும் பாழ். குணமாலா சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். “தப்பு என்னுது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். “எழுதாம போனதும் வெறுங்கட்டம், கெடைக்கலைன்னதும் வெறுங்கட்டம். ரெண்டுக்கும் வித்தியாசம் வெக்காதது என் தப்பு. இப்ப வாயால கேக்கறேன், வாயால சொல்லுங்க.”

ஒவ்வொரு பாவாகப் போய் மூன்று கேள்வியும் கேட்டாள். பொட்டு வாங்கிய மூன்று பேரும் அப்படியே இருக்கலாம். காமாட்சியம்மாள் மூன்றுக்கும் ஆம். நாலாவது இடம் அவருக்கு. பழனியிடம் வந்தாள். முதல் இரண்டும் ஆம். மூன்றாவதுக்குப் பழனி தலையைச் சொறிந்தார்.

“அப்ப எனக்கு இல்லைன்ற. அதானே?”

குணமாலா வாயெடுத்தாள். பின்னால் தலைவர் நின்றிருந்தார். அந்த வார்த்தையை அவர் காதில் போட இவளுக்கும் மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லக் கூடாது, சரி. சும்மா விடவும் கூடாது. அப்படியானால் பழனி இந்தப் பாவைத் தூக்கிக்கொண்டு எங்கேதான் போவார்? இதைத்தானே அவள் எழுதியிருக்க வேண்டும்!

“நீங்க கொளத்தங்கரைத் தெரு” என்றாள். “அங்க இன்னைக்கி யாரும் விரிக்கல. வரும்போது பாத்தேன். ஓடுங்க.”

காமாட்சியம்மாளின் வாசலில் கோலமாவு டப்பா இருந்தது. குணமாலா அதை எடுத்தாள். பழனியின் முளைக்குச்சி நின்ற இடத்தில் ‘பழனி – குளத்தங்கரை’ என்று தரையில் எழுதினாள். அடுத்தவர் தறியில் இன்னும் கால் புடவை பாக்கி. ‘தறி காலியானதும், திங்களன்று முதல் இடம்’ என்று எழுதினாள். அதற்கடுத்தவர் பாவில் இழை பிணைத்தே முடியவில்லை. ‘சனி காலை’. ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு தெருவோ நாளோ. ஒருவருக்கும் வெறும் தரையை விட்டுவைக்கவில்லை. எங்கே போவது என்று தெரிந்தவுடன் மனுஷருக்குக் கோபம் பாதி இறங்கிவிடுகிறது. கஞ்சி படாத பாவை எல்லாம் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து வீட்டாரும் கிளம்பினார்கள். பழனி போகும்போது காமாட்சியம்மாளின் பாவில் அறுந்திருந்த இரண்டு இழையைப் பிணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். பால்காரர் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வியாபாரம் நன்றாக நடந்துவிட்டிருந்தது.

அன்றைக்கே குணமாலா சுவரிலிருந்த தாளில் கடைசிக் கட்டத்தை அகலமாக்கினாள். தெரு கிடைத்தால் மஞ்சள் பொட்டு. கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே, எப்போது என்று ஒரு வரி. இனி அந்தத் தாளில் வெறுமை என்றால் ‘குணமாலா இன்னும் எழுதவில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். எழுதாத கட்டத்தை நம்பி யாரும் பாவைத் தூக்கக் கூடாது என்று தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதினாள். நாலு மணிக்குச் செய்வதை மூன்று மணிக்கே செய்துவிடுவது என்றும் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூடிய குழு ஐந்துக்கும் கலையவில்லை. குணமாலா வெளி அறையில் உட்கார்ந்து பஸ்ஸின் ஹாரனைக் கேட்டாள். எழுந்திருக்கவில்லை. உள்ளே ஒரு உறுப்பினர், “அஞ்சு மணிக்கு ஓடுற பொண்ணு, நேத்து தெருவே சந்தையாச்சு” என்றார். இன்னொருவர், “இருந்தாலும் நேத்து சமாளிச்சுதே” என்றார். மூன்றாமவர் சாமர்த்தியசாலி. “ஆடியில எதுக்குப்பா புதுசா ஒண்ணு? ஆடி போவட்டும், பாக்கலாம்.” எல்லாருக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஐந்தரைக்கு அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

தலைவர் தீர்மானப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ‘பெயர்: குணமாலா. வேலை: குமாஸ்தா. நிரந்தரம்:’ என்று எழுதி, அதற்கெதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தது.

“இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்மா” என்றார் தலைவர், மேஜையைப் பார்த்துக்கொண்டு. “புரிஞ்சுக்கோ.”

குணமாலா நாட்களை எண்ணிப் பார்த்தாள். ஆடி முடிய மூன்று நாள். அதற்கப்புறம் மல்லாட்டை. நல்லவர்தான், இல்லை என்று சொல்ல மனமில்லாதவர்தான். ஆனால் இப்படிப்பட்ட நல்லவரிடம் மாட்டிக்கொண்டவர் பாடுதான் திண்டாட்டம். அவள் போய்விடப் பார்த்தாள். வாய்தான் விடவில்லை.

“ஐயா, இந்த வெறுங்கட்டத்துக்கு இன்னா அர்த்தம்?”

விரலை அந்த இடத்தில் வைத்தாள்.

“இன்னும் எழுதலைன்னு அர்த்தம்னா, எப்ப எழுதுவீங்கன்னு சொல்லுங்க. எனக்குக் கெடைக்கலைன்னு அர்த்தம்னா, அந்த வார்த்தைய நீங்க எழுத வேணாம். அதுக்குப் பதிலா நா எங்க போவணும்னு ஒரு வரி எழுதுங்க. பழனிக்கு நா எழுதினேனே, அப்படி. போயிடறேன்.”

பரசுராமன் பேனாவை எடுத்தார். அவள் எங்கே போகவேண்டும் என்று யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவருக்குப் பொய் வராது. ஜன்னல் வழியே திண்ணை தெரிந்தது. மூன்று மணிக்கே நிரப்பிய தாளைச் சுற்றி ஆட்கள் நின்று, விரலால் தங்கள் பேரைத் தொட்டு, எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுச் சத்தம் போடாமல் கலைந்துகொண்டிருந்தார்கள். இவளை அனுப்ப அவருக்கு ஒரு தெருவும் கிடைக்கவில்லை, ஒரு கிழமையும் கிடைக்கவில்லை.

பேனாவை வைத்துவிட்டார். “ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கலப்பா” என்றார் மற்றவர்களிடம். “ஆறு மாசமா நடக்கிறதுதான்.” மேஜை ஓரத்தில் குணமாலா வைத்திருந்த மஞ்சள் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்து, மோதிர விரலால் தொட்டு, ‘நிரந்தரம்’ என்பதற்கெதிரே ஒரு பொட்டு வைத்தார். பிறகு நினைவு வந்தவராகக் கையெழுத்தும் போட்டார்.

குணமாலா வெளியே வந்தபோது மணி ஐந்தே முக்கால். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்கும் சோறு போயிற்று என்பதுகூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. போனால் போகிறது, இந்தப் பட்டினி இனிக்கும் என்று நினைத்துக்கொண்டே தன் தாளை ஒருமுறை பார்த்தாள். பார்த்தவள் நின்றுவிட்டாள்.

முப்பத்தாறாவது பேருக்குக் கீழே யாரோ ஒரு புது வரி சேர்த்திருந்தார்கள். கோணல் எழுத்து. பேர் கட்டத்தில் ‘குணமாலா’. மேலே இருக்கும் மூன்று கேள்வியையும் கண்டுகொள்ளாமல், கடைசிக் கட்டத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது: ‘அஞ்சு மணி பஸ் கெடச்சா அப்பா வூட்டுச் சோறு. தவறுனா காமாட்சி வூட்டுச் சோறு.’

“நாந்தான் எழுதனேன். அக்கா சொல்லச் சொல்ல” என்றார் பழனி வாசலிலிருந்து. “ரெண்டு கட்டம் தாண்டிப் போயிடுச்சு, கோச்சுக்காத.”

தெருவிலிருந்து அந்தக் குரல் வந்தது. இரண்டு பக்கத் தறிகளும் அடங்கின. “ஏ பொண்ணே, சூரியன் இறங்கிக்கினு கீது, நின்னு படிச்சிக்கினு கீறியே! மீன் படாத புதுச் சட்டி, புது அகப்பை, வெங்காயம் படாத கொழம்பு. வந்து குந்து!”

காமாட்சியம்மாள் வீட்டுக் கூடத்தில் தறிக்கும் சுவருக்கும் நடுவில் இலை போட்டிருந்தது. மேற்குப் பார்த்த வாசல் வழியே வெயில் இலை வரைக்கும் நீண்டு கிடந்தது. குணமாலா உட்கார்ந்தாள். ஒரு கவளம் எடுத்தாள். கண்ணீர் இலையில் விழுந்தது.

“இன்னாடி, உப்பு பத்தலையா?” என்றார் காமாட்சியம்மாள்.

“சரியா இருக்குதுக்கா” என்று சொல்லிவிட்டு, வெயில் இலையை விட்டு நகர்வதற்குள் அவள் வேகவேகமாகச் சாப்பிட்டாள்.